நார் நம்முடையது... கால்மிதி யாருடையது?

எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரருக்கு முன்னால் நம்மை வரவேற்பது வாசலில் கிடக்கும் கால்மிதிதான். பாதத்தை ரெண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். அது எந்த ஊர் மரத்தில் விளைந்தது, யார் கைபட்டு உருவானது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில் இருப்பவர்கள் அவசியம் குனிந்து பார்க்க வேண்டும். ஏனென்றால், அந்தப் பழுப்பு நிறக் கால்மிதிக்கு வேண்டிய நார், பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தோப்புகளில் மலைமலையாகக் கிடைக்கிறது. ஆனால், 'கால்மிதிக்குப் பேர்போன ஊர் எது?' என்று கேட்டால் எல்லோரும் ஆலப்புழையைத்தான் சொல்வார்கள். நார் இங்கே, பெயர் அங்கே. இது எப்படி நடந்தது?

கடைமடைக்கு வந்த தென்னை

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகள் காவிரியின் கடைமடை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு, 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஊரில் அதற்கு 'புது ஆறு' என்றுதான் பெயர். தண்ணீர் வந்ததும் நெல்லோடு தென்னையும் பெருகியது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது என்றால், இங்கே தென்னைக்கு என்ன இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

தேங்காயை உரித்து எடுத்தபிறகு மிஞ்சுவது மட்டை. ஒரு காலத்தில் அடுப்பெரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் மட்டும் பயன்பட்ட அந்த மட்டை, இப்போது லாரி ஏறி நார் மில்லுக்குப் போகிறது. ஊறவைத்த மட்டையை இயந்திரம் அடித்துப் பிரித்துத் தள்ள, ஒரு பக்கம் நார் வந்து விழும். இன்னொரு பக்கம் தூள் குவியும். மட்டையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் நார். மீதி எல்லாம் தூள்தான்.

அந்தத் தூளும் வீண் இல்லை. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், செங்கல்போல அழுத்திக் கட்டியாக்கி வெளிநாட்டு நர்சரிகளுக்கும் பசுமைக்குடில்களுக்கும் அனுப்புகிறார்கள். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் வாங்குகிற கட்டியும் இதுதான்.

கப்பல் ஏறிய கயிறு

தென்னை நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்று பெயர். அது எங்கிருந்து போன சொல் தெரியுமா? மலையாளத்தின் 'கயர்', நம்முடைய 'கயிறு' இரண்டும் ஒரே வேர்ச்சொல்தான். அதைத்தான் கடல் கடந்து வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். லண்டன் கடையில் கால்மிதி வாங்குகிறவரும், தெரியாமலே நம் சொல்லைத்தான் சொல்கிறார்.

சொல்லுக்கு முன்பே சரக்கு போய்விட்டது. 14-ம் நூற்றாண்டில் மாலத்தீவுக்கு வந்த பயணி இபின் பதூதா, தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டுவதையும், அந்தக் கயிறு பல நாடுகளுக்குப் போவதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த கப்பல்! காரணம், இந்த நாரில் 'லிக்னின்' என்ற பொருள் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. மரத்துக்கு உறுதி கொடுப்பது அதுதான். அதனால்தான் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் தென்னங்கயிறு சீக்கிரம் மக்குவதில்லை. வாசலில் வெயிலையும் தூசியையும் தாங்குவது இதற்குப் பெரிய காரியமா என்ன?

ஆலப்புழை முந்தியது எப்படி?

1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் ஆலப்புழையில் இந்தியாவின் முதல் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே காயல் தண்ணீரில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கும் நார் வெளுப்பாக, மென்மையாக இருக்கும். பக்கத்திலேயே துறைமுகமும் இருந்தது. நாரைத் திரித்துக் கயிறாக்கி, கயிற்றைத் தறியில் ஏற்றிக் கால்மிதியாக்கி, கப்பலில் ஏற்றும்வரை எல்லா வேலையும் ஒரே ஊரில் நடந்தது. 2007-ல் 'ஆலப்புழை கயிறு' புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

கைத்தறியில் கால்மிதி நெய்வதைப் பார்ப்பதே தனி அழகு. பாவு இழைகளுக்கு நடுவே, நீளவாக்கில் பள்ளம் வெட்டிய கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, அதன்மேல் கயிறு வளைந்து போகும்படி நெய்வார்கள். பிறகு அந்தப் பள்ளத்தின் வழியே கத்தியை ஓட்டினால், வளையங்கள் எல்லாம் அறுபட்டு பிரஷ்போல நிமிர்ந்து நிற்கும். நம் பாதத்துத் தூசியை வாங்கிக்கொள்வது அந்த முனைகள்தான். கடைசியில் மேல்பரப்பைச் சமமாகக் கத்தரித்து, அச்சுத் தகடு வைத்துப் பூவும் எழுத்தும் வண்ணத்தில் பதிப்பார்கள்.

காலம் மாறிவிட்டது. மட்டையும் ஆளும் குறைந்த கேரளத்துக்கு, இப்போது பெருமளவு நார் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. மெத்தை செய்வதற்காகச் சீனாவும் நம் நாரை வாங்குகிறது. பெருமைதான். ஆனால், நார் எடைக்கு விற்கிற பொருள். விலையை நிர்ணயிப்பவர் வாங்குகிறவர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் இங்கே கட்டுகள் தேங்கும், மில் ஓடுகிற நாள் குறையும், முதலில் வேலை போவது நார் காயவைக்கும் பெண்களுக்கு. அதே நார் கால்மிதியாகிவிட்டால் எடைக்கு இல்லை, உருப்படிக்கு விலை. அதில் கைவேலைக்கும் ஒரு பங்கு உண்டு.

கம்பளியும் கோணிச்சாக்கும் சொன்ன கதை

கையில் கிடைத்த மலிவான பொருளை வைத்து விரிப்பு செய்து பிழைத்த பெண்கள் உலகின் இன்னொரு கோடியிலும் இருந்தார்கள். அவர்கள் கதை நமக்கு உதவும்.

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் என்று பனி உறையும் மீனவப் பகுதிகள் உண்டு. கடல் உறைந்து, மீன்பிடிப்பும் இல்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெண்கள் கோணிச்சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். பழைய கம்பளித் துணியை நீளநீளமாகக் கிழித்து, கொக்கி ஊசியால் சாக்கின் ஓட்டைகள் வழியே வளையம் வளையமாக மேலே இழுப்பார்கள். முடிச்சே கிடையாது; வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தரைக்கு விரிப்பு தயார். அந்த நாளில் உலகச் சந்தைக்குச் சணல் பெரும்பாலும் வங்காளத்திலிருந்துதான் போனது. அந்தக் குளிர்தேசத்து விரிப்புக்கும் அடித்துணி நம் நாட்டுச் சணலாக இருந்திருக்கலாம்!

1892-ல் அங்கே போன ஆங்கிலேய மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல், வைத்தியம் மட்டும் போதாது, வீட்டுக்கு வருமானமும் வேண்டும் என்று புரிந்துகொண்டார். அவருடைய மிஷன் சாக்கும் நூலும் வடிவமும் கொடுத்து, பெண்கள் செய்த விரிப்புகளை வாங்கி நகரங்களில் விற்றது. பிற்பாடு, கிழிந்த பட்டுக் காலுறைகளை அனுப்பச் சொல்லி நகரத்துப் பெண்களிடம் கேட்டு வாங்கி, அவற்றையும் விரிப்பாக்கினார்கள். பனிக்கரடி, நாய் வண்டி, பனிக்கட்டி மலை என்று அந்த ஊரில் கண்ணால் பார்ப்பதெல்லாம் அதில் படமானது. இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அதே நாட்டில் ஷெட்டிகாம்ப் என்ற இன்னொரு கடலோரக் கிராமம். 1920-களின் இறுதியில் லிலியன் பர்க் என்ற ஓவியர், அங்கிருந்த பெண்களைக் கந்தல் துணியிலிருந்து உல்லன் நூலுக்கு மாற்றினார். வெளிர் நிறச் சாயங்களையும் புது வடிவங்களையும் கொடுத்தார். விரிப்புகள் நியூயார்க் வரை விலைபோயின. ஆனால், 1930-களில் அந்தப் பெண்களிடையே ஒரு கேள்வி எழுந்தது: அங்கே விற்கிற விலை என்ன, எங்கள் கைக்கு வருவது என்ன? ஒரு பகுதியினர் பிரிந்துவந்து, சுற்றுலாப் பயணிகளுக்குத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்து, கொக்கி ஊசியிலேயே மனித முகங்களை வரைந்த எலிசபெத் லெஃபோரின் படைப்புகள் வெள்ளை மாளிகை, வாடிகன் வரை போயின.

இதில் ரெண்டு பாடம் இருக்கிறது. மட்டமான பொருள் என்று எதுவும் இல்லை. கடைசிக் கைவேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் மதிப்பு கூடுகிறது. அடுத்தது, வேலை கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. விலை சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு...

2018 நவம்பர் 16 அதிகாலையை டெல்டாவில் யாரும் மறக்க முடியாது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரே இரவில் தோப்பு தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போனது. நெல் விழுந்தால் அடுத்த போகம் உண்டு. தென்னை விழுந்தால்? நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு இப்போது முடிந்துகொண்டிருக்கிறது. புயலுக்குப் பின்னால் நட்ட கன்றுகளில் பாளை வெடித்துக் காய் பிடிக்கத் தொடங்கிவிட்டது. தேங்காய் வந்தால் மட்டையும் வரும். அந்த மட்டையைப் பழையபடி நார்க்கட்டாக மட்டும் அனுப்பப் போகிறோமா, கொஞ்சமாவது கால்மிதியாக்கி அனுப்பப் போகிறோமா? டெல்டாப் பெண்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

வழி இல்லாமல் இல்லை. 1953-ம் வருடச் சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசின் கயிறு வாரியத்துக்குத் தஞ்சாவூர் பிள்ளையார்பட்டியில் விரிவாக்க மையம் இருக்கிறது. ஆலப்புழை அருகே கலவூரில் வாரியத்தின் பயிற்சி, வடிவமைப்பு மையம் உண்டு. முன்பெல்லாம் கயிறு திரிப்பது என்றால் ஒருவர் ராட்டைச் சுற்ற, மற்றவர்கள் நாரைக் கொடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தோம் என்ற கணக்கே இருக்காது. மோட்டார் ராட்டு வந்து அந்தப் பாடு குறைந்துவிட்டது. மாநில அரசும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு, கயிறு வணிக மேம்பாட்டுக்கென்றே 'டான்காயர்' நிறுவனத்தை நடத்துகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்த அலுவலகங்களில் நேரில் விசாரித்து, இப்போது என்ன பயிற்சி, என்ன மானியம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரணக் கால்மிதியை இயந்திரம் மலிவாகச் செய்து தள்ளுகிறது; பிளாஸ்டிக் மிதியடி அதைவிட மலிவு. விலையில் அவற்றோடு மோதினால் கைத்தொழில் தோற்கும். அதனால் வேறு வழியில்தான் ஜெயிக்க வேண்டும். நம் வாசல் கோலம், மாங்காய், தாமரை, நெற்கதிர் எல்லாம் கால்மிதியில் ஏன் பூக்கக் கூடாது? லாப்ரடார் பெண்கள் தங்கள் பனிக்கரடியை விற்றார்கள். நம்மிடம் புள்ளிக் கோலம் இருக்கிறதே!

நீங்களே செய்து பார்க்கலாம்: சாக்கு விரிப்பு

விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய நல்ல வேலை. நம்மூர் வெயிலுக்குக் கம்பளிதான் வேண்டும் என்றில்லை. பழைய பருத்திப் புடவையே போதும்.

தேவை: சணல் சாக்குத் துண்டு (ஓர் அடிச் சதுரம்), உல்லன் நூல் அல்லது கால் அங்குல அகலத்தில் கிழித்த துணி, குரோஷா ஊசி, எம்பிராய்டரி வளையம் அல்லது பழைய போட்டோ சட்டம், சாக்பீஸ்.

• சாக்கின் ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்து, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சாக்பீஸால் எளிய கோலம் ஒன்றை வரையுங்கள்.

• நூலைச் சாக்கின் அடியில் இடது கையில் பிடியுங்கள். வலது கை ஊசியை மேலிருந்து ஓட்டையில் விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுங்கள். வளையம் ஒரு நெல்மணி உயரம் இருந்தால் போதும்.

• ஒன்றிரண்டு ஓட்டை தள்ளி அடுத்த வளையம். அடியில் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. முதலில் கோட்டை முடித்து, பிறகு உள்ளே நிரப்புங்கள்.

• நூலின் முனைகளை மேல்பக்கம் கொண்டுவந்து, வளையத்தின் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பின்பக்கம் ஒரு துணி வைத்துத் தைத்தால் விரிப்பு ரெடி.

தென்னங்கால்மிதி நீடித்து உழைக்க...

• வாரம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். தூசி தங்கினால் நார் சீக்கிரம் தேயும்.

• மழையில் நனைந்தால் அன்றே வெயிலில் நிறுத்தி வையுங்கள். ஈரத்தோடு தரையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

• சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கறையைத் துடைப்பத்தால் தேய்த்து எடுப்பதே நல்லது.

• புதிதாக வாங்கும்போது கையால் தடவிப் பாருங்கள். முனைகள் நெருக்கமாக, சம உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியே, 'எந்த ஊர்ச் சரக்கு?' என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவரும் நம்மூர்ச் சரக்கைத் தேடுவார்.