சுவர் அலுமாரியை நீங்களே செய்யலாம்

சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பகுதிகளிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சொந்தக் காணிக்குத் திரும்ப முடிந்தது. முகாமில் இருந்த காலத்தில் காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரைத் தடியில் செருகி வைத்திருந்திருப்பீர்கள். வீடு எழும்பியதும் அவற்றுக்கு முதலில் ஓர் இடம் வேண்டும். கடையில் வாங்கும் இரும்பு அலுமாரி கடற்காற்றில் துருப்பிடிக்கும். மரத்தூளில் அழுத்திய பலகை முதல் மாரியிலேயே ஊதிவிடும். சுவரோடு சேர்ந்த அலுமாரி மலிவு. தச்சு வேலை பழகாதவரும் செய்யலாம்.

வேலையின் பாதி மேசனுடையது. 550 சதுர அடி வீட்டின் சுவர் பெரும்பாலும் ஆறு அங்குலக் கல்தான். அதைக் குடைய வேண்டாம், சுவர் பலவீனமாகும். அறையின் ஒரு மூலையில் 16 அங்குலம் நீட்டி ஒரு சிறு சுவர் கட்டச் சொல்லுங்கள். மூலைக்கும் அதற்கும் இடையே மூன்றடி அகலம் போதும். நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கொன்கிறீற் தட்டு, அதற்கு மேலே நான்கடியில் இன்னொன்று. இரண்டடி உயர்த்துவது வெள்ளத்துக்காகவும் கறையானுக்காகவும். மூலையை அறைகளுக்கு இடையிலான உட்சுவரில் தெரிவு செய்யுங்கள். வாடைக் காலத்து மழை வடக்கு, கிழக்குச் சுவர்களிலேயே அடிக்கும். அந்தச் சுவரின் ஈரம் உள்ளே இருக்கும் கடதாசிக்கு வரும்.

இனி மரம். தேக்கு விலை அதிகம். முதிரையும் பாலையும் உறுதியானவை, ஆனால் துளையிடாமல் ஆணி இறங்காது. புதிதாகப் பழகுபவருக்குக் கை நோகும். எங்கள் சிபாரிசு வேம்பு. வெளிப்புறத்து வெளிறை நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள், கறையான் இலகுவில் தொடாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் காணியிலேயே நின்றாலும் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி வெட்ட முடியாது. எந்த மரத்தையும் வாகனத்தில் ஏற்றுமுன் அனுமதி தேவையா என்று வன இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். கைவிட்ட பங்கர்களிலும் இடிந்த வீடுகளிலும் பனங்குற்றியும் நிலைகளும் சும்மா கிடப்பதைக் கண்டு எடுக்கப் போகாதீர்கள். அடியில் வெடிக்காத பொருள் இருக்கலாம். மரத்துக்குள்ளும் சன்னங்கள் புதைந்திருக்கும், வாள் உடையும். சந்தேகமான எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை விறகு பொறுக்க அனுப்பும்போதும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பலகையைக் கச்சான் காலத்தில் அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும், நெளியும். கதவும் அந்தக் காலத்திலேயே செய்வது நல்லது. ஆனால் காய்ந்த பலகை மாரியில் அகலத்தில் ஊதும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று நுழையும் இடைவெளி விட்டால் கார்த்திகையிலும் கதவு இறுகாது.

அளவெடுக்கும்போது மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுங்கள். கல்லுச் சுவர் ஒருபோதும் நேராக இருப்பதில்லை. மேசனைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறிய அளவை வைத்துக்கொண்டு இரண்டு அங்குலச் சட்டத்தில் நிலை செய்யுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் சமமானால் நிலை சதுரம். சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கு, பூட்டுமுன்னரே இரண்டு தரம் பெயின்ற் பூசுங்கள். பிறகு கை போகாது.

மூன்றடி வாய்க்கு ஒற்றைக் கதவு தொங்கிவிடும், இரட்டைக் கதவு போடுங்கள். முக்கால் அங்குலப் பலகை மூன்றை நிறுத்தி, பின்னால் இரண்டு குறுக்குச் சட்டமும் ஒரு சாய்வுச் சட்டமும் அடித்தால் ஒரு கதவு. சாய்வுச் சட்டம் பிணைச்சல் பக்கத்தின் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல் மூலைக்குப் போக வேண்டும். மாற்றி அடித்தால் சில மாதத்தில் கதவு தரையை நோக்கி இறங்கும். பிணைச்சல் பித்தளையில் இருக்கட்டும், ஆணி நாகம் பூசியதாக இருக்கட்டும். துறைமுகப் பக்கக் காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது.

உள்ளே தட்டுப் பலகைகளைப் பின்சுவரில் முட்டாமல் அரை அங்குலம் தள்ளி வையுங்கள், காற்று ஓடும். பத்திரங்கள் மேல் தட்டில், பொலித்தீன் உறையில். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை இந்த அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். அதற்கு வீட்டுக்கு வெளியே பூட்டுள்ள தனிப் பெட்டி வேண்டும். மாரி தொடங்கியதும் மாதம் ஒருமுறை கீழ்த் தட்டின் அடியில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மண் கோடு தெரிந்தால் அன்றே சுரண்டி எடுத்து, அது எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுங்கள்.