முழங்கை வலி: ஊசிக்கு அவசரம் வேண்டாம்

ஈரத்துணியைப் பிழியும்போதும் தேங்காய் துருவும்போதும் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீரென்று வலிக்கிறதா? பெரும்பாலும் அது ‘டென்னிஸ் எல்போ’வாக இருக்கும். 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்ததும் இதுதான். ஆனால் இந்த வலியோடு வருபவர்களில் விளையாட்டு வீரர்கள் சொற்பம்தான். தச்சர், பெயின்டர், பரோட்டா மாஸ்டர், பகலெல்லாம் மவுஸைப் பிடித்திருப்பவர் என்று நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்களே அதிகம். 1873இல் ஜெர்மன் மருத்துவர் ரூங்கே இதை விவரித்ததுகூட எழுத்து வேலை செய்பவர்களின் கைவலியைப் பற்றிய கட்டுரையில்தான்.

மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முண்டில் தசைநாண் வழியாக ஒட்டியிருக்கின்றன. எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்காமல் தாங்குபவை அவையே. அதனால் வேலை கையில், வலி முழங்கையில். நெடுங்காலம் இதை வீக்கம், அழற்சி என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் அறுவை சிகிச்சையில் எடுத்த தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சி அணுக்கள் பெரிதாக இல்லை. தாறுமாறாகக் கிடந்த இழைகளும் புதிய ரத்தக்குழாய்களும்தான் தெரிந்தன. அதாவது, தேய்ந்து, சரியாக ஆறாமல் நின்றுபோன திசு.

அங்கேதான் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியின் கதை மாறுகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே முந்தினார்கள். ஓராண்டு முடிவிலோ, எந்தச் சிகிச்சையும் இன்றிக் காத்திருந்தவர்களைவிடவும் பின்தங்கிவிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வலி திரும்பியது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. ‘ஒரே ஊசியில் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே குணமாகிவிடும். அதுவரை கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை, சுமையைக் குறைத்தால் போதும். பையை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி தூக்கலாம். உள்ளங்கை கீழ்நோக்கியபடி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுச் செய்யலாம். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை தேவை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முயன்றும் தீராத சிலருக்கே அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும்.

காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போனால், முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கையை மடக்கித் தூங்குபவர்களுக்கும் போனை நெடுநேரம் காதில் வைத்திருப்பவர்களுக்கும் இது தீவிரமாகும். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்துவிட்டால், பிறகு அறுவை செய்தாலும் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். மரத்துப்போதல் விடாமல் நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அன்றே போக வேண்டும். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது முழங்கைப் பிரச்சினையே அல்ல, உடனே 108ஐ அழையுங்கள்.

குழந்தை கையூன்றி விழுந்து முழங்கை வீங்கினால், எக்ஸ்ரே எடுக்கும் முன் நாட்டுக்கட்டு இறுக்கிக் கட்டுவது ஆபத்து. ரத்த ஓட்டம் தடைபட்டால் முன்கைத் தசைகள் சில மணி நேரத்தில் அழிந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். 1881இலேயே ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் இதை எழுதிவைத்தார். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் வெளிறினாலோ, நீட்டிவிட்டால் குழந்தை துடித்தாலோ, கட்டை உடனே தளர்த்தி அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், நடு இரவானாலும்.