தாயின் உறவைத் தேடி மலைநாட்டுக்கு



ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் நிலத்தை அகழ்ந்தனர். கற்கால மக்கள் கையாண்ட கல் கருவிகளும், சங்க காலப் பானை ஓடுகளும், கண்ணாடி மணிகளும், சிறு பொன் அணிகளும் வெளிப்பட்டன. கடல் கடந்து உரோமை நாட்டினின்று வந்த சாடிகளின் உடைந்த துண்டுகளும் அவற்றுள் இருந்தன. பங்கு மக்கள் சிலரோடு யாமும் அங்கே சென்றிருந்தோம். சுற்றிலும் தொழிற்சாலைகள், சாலையில் ஓயாத சரக்கு வண்டிகள், நடுவே ஒரு குழியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்டுச் சில்லுகள்.

இவ்வூருக்குக் கடல் கடந்த உறவு இருந்தது என்பதற்கு ஓர் ஓட்டுச் சில்லு சாட்சி சொல்லுகிறது. எம்மைப் பெற்ற தாய்க்கும் கடலுக்கு அப்பால் உறவு இருந்தது. அதற்கு யாம் என்ன சாட்சி வைத்திருக்கிறோம்? அன்று எம் உள்ளம் இக்கேள்வியைக் கேட்டது. அதே ஆண்டில்தான் எம் தாயாரை அடக்கம் செய்திருந்தோம்.

பிரிக்கப்பட்ட குடும்பங்கள்

எம் தாயார் இலங்கையின் மலைநாட்டில், அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1823-ஆம் ஆண்டு முதல் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஏழை மக்களின் வழித்தோன்றல். அம்மக்கள் காட்டை அழித்து நாட்டை வளப்படுத்தினர். ஆயினும் இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரின் தலைவிதியை இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டு இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்றன. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் அக்காளும் தங்கையும் என்னும் கணக்கு இல்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களில் ஒருவர் இந்தியாவுக்கு மனுச் செய்தார். மற்றவர் இலங்கைக்கு மனுச் செய்தார். விடை வந்தபோது குடும்பம் இரண்டாயிற்று.

எம் தந்தையாரின் மனு இந்தியாவுக்கு. எம் தாய்வழிப் பாட்டனாரின் மனு இலங்கைக்கு. 1970-ஆம் ஆண்டு, இருபத்து மூன்று வயதான எம் தாயார் தம் கணவரோடு புகைவண்டி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தார். மண்டபம் முகாமில் சில காலம் தங்கியபின், தொழில் கடன் பெற்றுச் செங்கற்பட்டுப் பக்கம் குடியேறினர். மறு ஆண்டு யாம் பிறந்தோம்.

தாயாரை ஒரு துயரம் வாட்டிக்கொண்டே இருந்தது. புறப்பட்ட நாளில் தோட்டமே புகைவண்டி நிலையத்துக்கு வந்து கதறியது. அவருடைய ஒரே தங்கை, பதின்மூன்று வயதுச் சிறுமி, மட்டும் வரவில்லை. “என் மேல என்ன கோபமோ அதுக்கு” என்று தாயார் எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறோம்.

தள்ளிப்போட்ட பயணம்

பாட்டனார் இருந்தவரை கடிதங்கள் வந்தன. 1981-இல் அவர் மறைந்தார். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தாயார் பழைய முகவரிக்கு எழுதிய கடிதம், பெறுநர் இல்லை எனத் திரும்பி வந்தது. பின்னர்ப் போர் மூண்டது. இராமேசுவரக் கப்பலும் நின்றது.

இனி எழுதப்போவது எம் குற்றம். 2002-ஆம் ஆண்டு இலங்கையில் போர் நிறுத்தம் ஏற்பட்டபோது தாயார் எம்மிடம், “சாமி, ஒரு தரம் போய்ப் பார்த்திட்டு வருவோமா?” என்று கேட்டார். குருவான பின் எம்மை அவர் அப்படித்தான் அழைப்பார். அப்போது பங்கில் கோவில் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. “அடுத்த ஆண்டு பார்க்கலாம் அம்மா” என்றோம். அடுத்த ஆண்டு திருவிழா. அதற்கடுத்த ஆண்டு இடமாற்றம். மீண்டும் போர் வந்தது. 2009-இல் அதுவும் முடிந்தது. அதன்பின் எம்மைத் தடுத்தது எதுவும் இல்லை, யாமே தடையாயிருந்தோம்.

2000-ஆம் யூபிலி ஆண்டில் யாம் உரோமை சென்று வந்தவர்கள். சென்னையிலிருந்து வானூர்தியில் கொழும்பு மும்பையைவிட அருகே. ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். இவ்வளவு தூரத்தை எம் தாயாரைக் கடக்க வைக்க எமக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஓரக்குறிப்பு காட்டிய வழி

அடக்கம் முடிந்து சில மாதங்களுக்குப் பின் தாயாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். திரும்பி வந்த அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே இருந்தது. அதனடியில் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழே எமக்கு வழிகாட்டியாயிற்று. கண்டி மறைமாவட்டத்தைச் சார்ந்த அப்பங்கின் குருவானவருக்கு எழுதினோம். அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டி, எம் தாயாரின் பெயரையும், பத்து ஆண்டுகள் தள்ளி அவர் தங்கையின் பெயரையும் கண்டுபிடித்தார். தங்கையின் பெயருக்கு நேரே ஓரத்தில் இரண்டு வரிகள் இருந்தன: மணமகனின் பெயர், திருமணம் நடந்த கோவில், நாள்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் ஒருவருடைய திருமணத்தைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டுமெனத் திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே வலியுறுத்திற்று. குருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது அலுவலக வேலை என்றே எண்ணினோம். பெயர் தெரியாத ஒரு குருவானவர் கடமை தவறாமல் எழுதிய அந்த இரண்டு வரிகளால் வேறொரு பங்கின் பெயர் தெரிந்தது. அப்பங்கிலிருந்து ஒரு தோட்டம், அத்தோட்டத்திலிருந்து ஒரு வீடு, அவ்வீட்டுப் பேத்தியின் கைப்பேசி எண்.

அழைத்தோம். யாரென்று சொன்னோம். அக்காள் இறந்த செய்தியையும் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. பிறகு ஒரே சொல் வந்தது: “எப்ப?”

சின்னம்மாவின் வீட்டில்

2024-ஆம் ஆண்டு ஜனவரி நடுவில் புறப்பட்டோம். கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகைவண்டி ஏறி, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக அட்டன் சென்றோம். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பயணிகளால் வண்டி நிறைந்திருந்தது. நாவலப்பிட்டியைத் தாண்டியதும் இருபுறமும் தேயிலை. எம் தாயார் கண்ணீரோடு இறங்கி வந்த அதே பாதையில் யாம் ஏறிச் சென்றோம்.

வரிசை வரிசையாக லயங்கள். அவற்றுள் ஒன்றின் வாயிலில், வெள்ளைச் சேலை உடுத்திய அறுபத்தேழு வயது அம்மையார் நின்றார். முகத்தைக் கண்டதும் எம் கால்கள் நின்றுவிட்டன. எம் தாயாரின் நெற்றி, எம் தாயாரின் கண்கள். அவரோ எம் அங்கியைக் கண்டு முழந்தாளிட்டு, “சுவாமி, ஆசீர்வாதம் கொடுங்க” என்றார். ஆசீர் அளித்துத் தூக்கி நிறுத்தினோம்.

உள்ளே அமர்ந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி: “அக்கா எந்த வருசம் வரைக்கும் நல்லா நடந்து திரிஞ்சிச்சு?”

“2015 வரைக்கும் நடந்தாங்க, சின்னம்மா.”

“அப்ப வந்திருக்கலாமே, சுவாமி.”

காரணங்களை அடுக்க நாவு எழுந்தது. அடக்கிக்கொண்டு, “அம்மா கேட்டாங்க. நான்தான் கூட்டிட்டு வரலை” என்றோம். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், தேநீர் கொண்டுவந்து எம் கையில் கொடுத்தார். எத்தனையோ பேருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட எமக்கு, அந்தத் தேநீரை வாங்கிக்கொள்வது எளிதாயில்லை.

கடிதத்தைக் கொடுத்தோம். சின்னம்மாவின் பேத்தி உறையைப் பிரித்து உரக்கப் படித்தாள். அரிசி விலை, மழையில்லாமை, மகன் ஏழாம் வகுப்பில் படிப்பது, அவன் சாமியாராகப் போகிறேன் என்று சொல்லித் திரிவது. கடைசியில் ஒரு கேள்வி. புறப்பட்ட நாளில் நீ ஏன் வரவில்லை, என்மேல் கோபமா?

சின்னம்மா திகைத்துப் பார்த்தார். “நான் போனேனே! டேசன்ல கூட்டம், அழுகைச் சத்தம். எனக்குப் பயமாப் போச்சு. கோச்சி வளையுற இடத்துக்கு மேல, தேயிலைக்குள்ள போய் நின்னேன். கோச்சி கண்ணுக்கு மறையுற வரைக்கும் கைகாட்டினேன். அக்கா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்துச்சு போல.”

அவ்வளவுதான், வாசகர்களே. புகைவண்டியின் மறுபக்கத்தில் அமர்ந்த ஒரே காரணத்தால், ஒரு தாய் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் தங்கையின் கோபத்தைச் சுமந்தார். ஒரு நாள் நேரில் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

மறுநாள் ஜனவரி 16, புனித யோசேப்பு வாஸ் திருநாள். கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் 1687-இல் கடல் கடந்து வந்து, இலங்கையின் சிதறிய கத்தோலிக்கரைத் தேடித்தேடிக் கண்ட குருவானவர் அவர். அன்று காலை, பாட்டனாரும் பாட்டியாரும் துயிலும் தோட்டத்துக் கல்லறையருகே திருப்பலி நிறைவேற்றினோம். மரச்சிலுவை ஒன்றுதான் அடையாளம். இறந்தோர் நினைவில் எம் தாயாரின் பெயரைச் சொன்னபோது சின்னம்மா விம்மினார். திருப்பலி முடிந்ததும் எம்மைச் “சுவாமி” என்று அழைக்கவில்லை. “மகனே, குளிருது, தலையில துணி போடு” என்றார்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கபிரியேல் தூதரின் செய்தியைக் கேட்ட மரியன்னை, தம் உறவினரான எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றார் என லூக்கா எழுதுகிறார். ‘விரைந்து’ என்ற சொல்லை எத்தனையோ முறை பீடத்தில் வாசித்திருக்கிறோம். அதன் பொருள் எமக்கு விளங்கியது அட்டனில்தான்.

இலங்கையிலிருந்தோ, பர்மாவிலிருந்தோ, மலேசியாவிலிருந்தோ வந்த பெற்றோர் நம் பங்குகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் வாய் பேசும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பிறந்த தோட்டத்தின் பெயர், உடன்பிறந்தோரின் முழுப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், ஞானஸ்நானம் பெற்ற கோவில், ஞானத்தாய் ஞானத்தந்தையர். பழைய சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் இருந்தால், அந்தப் பங்கிலுள்ள குருவானவர் தேடிப் பார்க்க இயலும். சாவுச் செய்தி இருந்தால் முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள். செல்வத்தைக் காட்டப் போகாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோரை உடன் அழைத்துப் போங்கள். யாம் போனோம், ஆயினும் போக வேண்டியவர் போகவில்லை.

பதிவேடு எழுதும் உபதேசியார்களுக்கும் ஒரு சொல். எழுத்தைத் தெளிவாக எழுதுங்கள், ஓரக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். இன்று ஒரகடம், வடக்குப்பட்டுச் சுற்றுவட்டாரத்து வாடகை அறைகளில் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார் மாநிலத்துப் பிள்ளைகள் தங்கி வேலை செய்கின்றனர். இங்கே மணம் முடிக்கும், இங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு குடும்பத்தைத் தேடி, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் யாரோ ஒருவர் நம் கோவில் வாயிலில் வந்து நிற்கக்கூடும்.

சின்னம்மா இப்போது ஞாயிறுதோறும் அழைக்கிறார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம், அக்காளின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டுமாம். கோவிலுக்கு வண்ணம் பூசும் வேலை இவ்வாண்டு இருக்கிறது. அது காத்திருக்கட்டும்.