விபத்தில் காயமா? வழக்கு போட எத்தனை வருஷம் டைம் இருக்கு?

பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குத் திரும்புறீங்க. வழியில் ஒரு கார் இடித்து, கால் முறிவு. அறுவை சிகிச்சை, பிசியோ, காப்புறுதி நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து என மாதங்கள் ஓடுது. "பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், கேஸை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நினைக்காதீங்க. பேச்சுவார்த்தை நடந்தாலும் நாள் கணக்கு நிற்காது.

எவ்வளவு காலம்?

அது நீங்கள் யார் மீது வழக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

• தனிநபர், தனியார் நிறுவனம்: 6 ஆண்டுகள். தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டு கால வரம்புச் சட்டம் இதைச் சொல்கிறது.

• அரசாங்கம், அரசு மருத்துவமனை, ஊராட்சி மன்றம்: 36 மாதங்கள் மட்டுமே. இது 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம்.

• விபத்தில் ஒருவர் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பத்தினர் இழப்பீடு கேட்க: இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

உதாரணமாக, விபத்து நடந்தது 2024 மார்ச் 10 என்றால், கார் ஓட்டுநர் மீது 2030 மார்ச் 10-க்கு முன்பே வழக்குப் பதிவாக வேண்டும். சாலைக் குழிதான் காரணம், பராமரிப்பு அரசுத் துறையுடையது என்றால் கெடு 2027 மார்ச்சிலேயே முடிந்துவிடும்.

பாதிப்பு தாமதமாகத் தெரிந்தால்?

2019 செப்டம்பர் 1 முதல், பிறகு தெரியவரும் சேதங்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. ஆனால் உடல் காயத்துக்கு அது பொருந்தாது. இணையத்தில் படித்துவிட்டு ஏமாந்துடாதீங்க.

சிறுவர்கள் என்றால்?

18 வயது நிறைந்த பிறகே 6 ஆண்டுகள் எண்ணப்படும். அரசு மீதான வழக்கில் மட்டும் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கெடு தாண்டினால்?

எதிர்த்தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு தள்ளுபடியாகலாம்.

இப்போது என்ன செய்வது?

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். மருத்துவ அறிக்கை, ரசீது, படங்களைப் பத்திரப்படுத்துங்கள். சீக்கிரமே ஒரு லாயரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "என் கேஸுக்குக் கடைசி நாள் எது?" பதிலை உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.