பாறு கழுகும் ஒரு வலி ஊசியும்: சின்னக் கணக்கு

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்கிற பறவைக்குத் தமிழில் பாறு என்று ஒரு பழைய பெயர் இருக்கு. இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

காரணம், மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி. போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். பாகிஸ்தானில் இறந்துகிடந்த பாறுகளை ஆராய்ந்த குழு இதை 2004-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது.

"செத்த மாட்டுக்கெல்லாமா ஊசி போட்டிருப்பாங்க?" என்று கேட்பீங்க. இல்லை. நூறில் ஒன்றுக்கும் குறைவான சடலத்தில் மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்பதுதான் ஆய்வு முடிவு. நான் மென்பொருள்காரன், கணக்கு போட்டுப் பார்த்தால்தான் மனசில் நிற்கும். 200 சடலத்தில் ஒன்று விஷம், பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குச் சுமார் 120 வேளை. அத்தனையிலும் தப்பிக்க 0.995-ஐ 120 முறை பெருக்கணும். விடை 0.55. ஐந்து வருஷம் தப்பிக்க வெறும் 0.05. பாறு முட்டையிடும் வயசுக்கு வரவே கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஆகும். அப்புறமும் வருஷத்துக்கு ஒரே முட்டை. ஈடுகட்ட வழியே இல்லை.

2006-ல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போக ஆரம்பித்தன. அதனால் 2015-ல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். இன்னொரு ஓட்டை அசெக்ளோஃபினாக். பெயர்தான் வேறு, மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காக மாறிவிடும். அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023-ல்தான் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

நம்ம ஊரில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னமும் கூடு கட்டுகின்றன. கணக்கில் அந்த 200-ல் ஒன்று இருக்கே, அது பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் அவை பிழைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் வலி ஊசி என்றால் மெலாக்சிகாம் கேளுங்க. மாட்டுக்கும் கேட்கும், பாறையும் கொல்லாது.