மூச்சு விடுறது ஒரு மேட்டரா பாஸ்?

ஒரு நிமிஷம், உங்க மூச்சை எண்ணிப் பாருங்களேன். என்ன, திடீர்னு இழுத்து இழுத்து விடுறீங்களா? அதான் விஷயமே! எண்ணுறோம்னு தெரிஞ்சாலே மூச்சு மாறிடும். அதனால ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகள் ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணுவாங்க. நாடி பார்க்கிற மாதிரி நோயாளியோட மணிக்கட்டைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா, கண்ணு மட்டும் நெஞ்சு ஏறி இறங்குறதை எண்ணிக்கிட்டு இருக்கும். முழுசா ஒரு நிமிஷம்!

'ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டா... அது யாருப்பா?'னுதானே கேட்கறீங்க? ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது. நான் ஈ.இ.இ. மூணாவது வருஷம் படிக்கிற அக்மார்க் சர்க்யூட் பார்ட்டி. என்னை அந்த உலகத்துக்கு இழுத்துட்டுப் போனது, எங்க தாத்தா.

நான் திருகின திருகு

நாப்பது வருஷம் பீடி குடிச்சவர் தாத்தா. நுரையீரல் அடைப்பு நோய். வீட்டிலேயே ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷின் ஓடும். 'நிமிஷத்துக்கு 2 லிட்டர்'னு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒருநாள் ராத்திரி தாத்தாவுக்கு இரைப்பு. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் 89 காட்டுச்சு. பரீட்சையில 89 வாங்கினா சந்தோஷப்படுற நான், அன்னிக்குப் பதறிட்டேன். திருகை 2-லேர்ந்து 5-க்கு ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல 97! அரியர் க்ளியர் பண்ணின பெருமையோட போய்ப் படுத்துட்டேன்.

காலையில பாட்டி உலுக்குறாங்க, தாத்தா கண்ணைத் திறக்கலை. திறந்தாலும் பேச்சு குழறுது. 108-ல ஏத்திக்கிட்டு ஓடினோம். அங்கே நீல நிற யூனிஃபார்ம்ல இருந்த ஒரு அக்கா கேட்ட முதல் கேள்வி: "ஆக்ஸிஜனை யாருப்பா கூட்டினது?"

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுற மாஸ்க் மாட்டி, பைபேப் மெஷினை வெச்சாங்க. சாயங்காலம் தாத்தா "காபி இருக்கா?"ன்னார். எனக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு. அந்த அக்கா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்!

நான் பண்ணின தப்பு என்ன? நமக்கு ஆக்ஸிஜன் அளவு 94-க்கு மேல இருக்கணும். ஆனா, தாத்தா மாதிரி சிலருக்கு 88-லேர்ந்து 92-தான் இலக்கு. அதுக்கு மேல ஆக்ஸிஜனை ஏத்தினா, உள்ளே கார்பன்-டை-ஆக்ஸைடு சேர ஆரம்பிக்கும். அது கூடினா மூளை மயங்கும். ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டவே காட்டாது. மணிக்கட்டுத் தமனியில ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். நார்மல் 35-லேர்ந்து 45 மி.மீ. பாதரசம். அதுக்காக, மூச்சுத் திணறுறவங்களுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கப் பயப்படவும் கூடாது. டாக்டர் சொன்ன இலக்கைத் தாண்டி நாமளா திருகுறதுதான் தப்பு.

பாரு, தொடு, தட்டு, கேளு

குற்ற உணர்ச்சி சும்மா விடலை. அக்காகிட்டே கெஞ்சி, அவங்க ஜூனியர்ஸ் படிக்கிற லேப்ல ஒருநாள் உட்கார்ந்தேன். "மெஷினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி மனுஷனைப் பாரு தம்பி"ன்னாங்க. இதாங்க முதல் பாடம்.

பாரு: ஒரு முழு வாக்கியம் பேச முடியுதா, இல்லை ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதா? முட்டியில கையை ஊணிக் குனிஞ்சு உட்கார்ந்திருக்காரா? கழுத்துச் சதை இழுக்குதா? உதடு நீலமா? பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12-லேர்ந்து 20 மூச்சு நார்மல்.

தொடு: ரெண்டு பக்க நெஞ்சும் சமமா விரியுதா?

தட்டு: மொட்டைமாடி தண்ணித் தொட்டியைத் தட்டிப் பார்ப்போமே, அதே டெக்னிக். காத்து இருந்தா டங்குனு கேட்கும். தண்ணி கோத்திருந்தா மொத்துன்னு கேட்கும். இதை 1761-லேயே எழுதி வெச்ச ஆஸ்திரிய டாக்டர் அவுன்ப்ரூகர், ஒரு சத்திரக்காரரோட பையன்!

கேளு: ஸ்டெத் வெச்சு இடம், வலம் மாத்தி மாத்தி ஒப்பிடணும். விசில் சத்தம்னா குழாய் சுருங்கியிருக்கு. மொறுமொறுன்னு கேட்டா, தண்ணியோ சளியோ இருக்கலாம். "வீசிங் நின்னுடுச்சுன்னா நல்லதுதானே?"ன்னேன். அக்கா முறைச்சாங்க. "ஆள் திணறிக்கிட்டே இருக்கும்போது சத்தம் மட்டும் நின்னா, காத்தே போகலைன்னு அர்த்தம். அதான் ரொம்ப ஆபத்து." கப்சிப் ஆயிட்டேன்.

கண்டுபிடிச்சது நம்மாளு!

பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு அஸ்திவாரம் போட்டது யார் தெரியுமா? டகுவோ அவோயாகி. ஜப்பான்காரர், எலெக்ட்ரிகல் இன்ஜினீயர்! 1974-ல அந்த ஐடியாவைச் சொன்னார். விரல் வழியா சிவப்பு வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் போகும். எது எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு வெச்சு ஆக்ஸிஜனைக் கணக்குப் போடும். இந்த லாஜிக்ல ஓட்டைகளும் உண்டு. விரல் சில்லுனு இருந்தா, நெயில் பாலிஷ் போட்டிருந்தா தப்பாக் காட்டலாம். தீ விபத்துப் புகையில மாட்டினவங்களுக்குப் பொய்யா 'நார்மல்'னு காட்டும். கறுப்புத் தோல் உள்ளவங்களுக்கு நிஜத்தைவிட அதிகமாக் காட்டுற வாய்ப்பு கூடன்னு 2020-ல அமெரிக்காவுல வந்த ஆய்வு சொல்லுச்சு. நம்ம ஊர்க்காரங்க நோட் பண்ணுங்கப்பா!

பையை அமுக்கின பசங்க

அடுத்து ஒரு ரப்பர் பையைக் கையில கொடுத்தாங்க. அம்பு பை. பொம்மை வாயில மாஸ்க்கை வெச்சு அமுக்கணும். நான் ஜிம்முல ஸ்பாஞ்ச் பால் பிசையிற மாதிரி பிசைஞ்சேன். "தம்பி, இது நுரையீரல், பலூன் இல்லை. 6 விநாடிக்கு ஒண்ணு. நெஞ்சு லேசா எழும்பினாப் போதும்!" அஞ்சே நிமிஷத்துல எனக்குக் கை கடுத்துடுச்சு.

அப்பத்தான் ஒரு கதை சொன்னாங்க. 1952, டென்மார்க்கோட கோபன்ஹேகன். போலியோ வந்து மூச்சுத் தசை செயலிழந்த ஆட்கள் ஆஸ்பத்திரியில குவியுறாங்க. மெஷின்கள் கைவிரல் எண்ணிக்கைதான். மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் இப்சன், 12 வயசுப் பொண்ணு ஒருத்திக்குத் தொண்டையில குழாய் போட்டு, பையை அமுக்கிப் பிழைக்க வெச்சார். சரி, மத்தவங்களுக்கு யார் அமுக்குறது? மாணவர்கள்! சுமார் 1,500 பேர், ஷிஃப்ட் போட்டு, ராப்பகலா கையாலேயே அமுக்கினாங்க. அந்த மாதிரி நோயாளிகள்ல 80 சதவீதத்துக்கு மேல இருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்குச்சு. எல்லாம் உங்க வயசு, என் வயசுப் பசங்க!

வென்டிலேட்டர்லேயும் அதே பாடம்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காத்துன்னு உயரத்தை வெச்சுத்தான் கணக்குப் போடறாங்க. தொப்பை வளர்ந்தா நுரையீரல் வளராதே! கடுமையா பாதிச்ச நுரையீரலுக்கு கிலோவுக்கு 12 மில்லிக்குப் பதிலா 6 மில்லி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2000-ல வந்துச்சு. இறப்பு சுமார் 40 சதவீதத்துலேர்ந்து 31-க்குக் குறைஞ்சது. கம்மியாக் கொடுத்து, நிறைய பேரைக் காப்பாத்தியிருக்காங்க!

ப்ளஸ் டூவுல பயாலஜி படிக்கிற தம்பி, தங்கச்சி வீட்டுல இருந்தா சொல்லுங்க... இதுக்குன்னே பட்டப்படிப்பு நம்ம ஊர்லேயே இருக்கு. இந்த மாதிரி படிப்புகளை முறைப்படுத்த 2021-ல மத்திய அரசு சட்டமும் போட்டாச்சு.

தாத்தா வீட்டுக்கு வந்துட்டார். கான்சன்ட்ரேட்டர் திருகு மேல பிளாஸ்திரி ஒட்டி, '2. கை வெச்சா கை இருக்காது'ன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். நான் தினமும் சாயங்காலம் பக்கத்துல உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கறேன்.

"என்னடா, புதுசா நாடியெல்லாம் பார்க்கிறே?"

"சும்மா தாத்தா!"

நேத்து 18.