உண்ணிச்செடி யானைகள்

உண்ணிச்செடி யானைகள் என்பவை தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டம், கூடலூர்ப் பகுதியில் உண்ணிச்செடித் தண்டுகளால் செய்யப்படும் முழு அளவு யானைச் சிற்பங்கள் ஆகும். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடிக் கைவினைஞர்கள் 'ரியல் எலிபன்ட் கலெக்டிவ்' என்னும் அமைப்பின் வழியாக இவற்றை உருவாக்குகின்றனர். பூங்கா, கடற்கரை போன்ற திறந்தவெளிகளில் இவை கூட்டமாக நிறுத்தப்படுகின்றன.

செடியும் யானையும்

அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று காடுகளில் அடர்ந்த புதராகப் பரவி, புல்லையும் பிற செடிகளையும் வளரவிடாமல் தடுக்கிறது. இதன் இலை கால்நடைகளுக்கு நஞ்சு. காட்டில் தீவனம் குறைவதால் யானைகள் ஊர்ப்பக்கம் வர நேரிடுகிறது. அவற்றின் மேய்ச்சலைக் கெடுக்கும் செடியே அவற்றின் உருவாக மாறுவதுதான் இச்சிற்பங்களின் உட்கருத்து. ஆயினும் வேரோடு அகற்றாவிடில் உண்ணிச்செடி மீண்டும் தழைக்கும். சிற்பங்களுக்காக வெட்டப்படுவதும் மொத்தப் பரப்பில் மிகச் சிறு பங்கே.

செய்முறை

தண்டுகள் கொதிநீரில் வேகவைக்கப்பட்டு, பட்டை உரிக்கப்பட்டு, இரும்புச் சட்டத்தின் மீது வளைத்துப் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு சிற்பமும் அப்பகுதியில் நடமாடும் உண்மையான காட்டு யானை ஒன்றின் சாயலில் அமைக்கப்படுகிறது.

காட்சிகள்

2021 இல் இலண்டன் அரச பூங்காக்களில் இவை வைக்கப்பட்டன. 2024 சூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் 100 யானைகளுடன் தொடங்கிய பயணம், அதே ஆண்டில் நியூயார்க்கை அடைந்தது.

நிலக்காட்சியை நோக்கி மக்களை ஈர்க்கும் இத்தகைய கலைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் பர்ன்லி அருகே மேட்டுப் புல்வெளியில் 2006 இல் நிறுவப்பட்ட, காற்றில் ஒலியெழுப்பும் எஃகுக் குழாய் மரம் ஆகும்.